கிழங்கில் இது என்ன அடையாளம்? எங்கள் காய்கறிக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் நானும் என் கணவரும் காய்கறிக் கடை வைத்துப் பதினான்கு வருடம் ஆகிறது. கேரட், பீட்ரூட், முள்ளங்கி பெரும்பாலும் கெலமங்கலம், தளி பக்கத்திலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும். ஊட்டி உருளை மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி வரும். குச்சிக்கிழங்குக்கு அரூர், பாப்பிரெட்டிப்பட்டி. என் அண்ணன் கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் இரண்டரை ஏக்கரில் உருளையும் கேரட்டும் போடுகிறார். அதனால் ஒரு கிழங்கை அது மண்ணுக்குள் இருக்கும்போதும் பார்க்கிறேன், தராசில் ஏறும்போதும் பார்க்கிறேன், இரண்டு நாள் கழித்து வாடிக்கையாளர் பையில் திரும்பி வரும்போதும் பார்க்கிறேன்.

திரும்பி வருவதில் முக்கால்வாசி நல்ல கிழங்கு. தோலில் ஒரு கோடு, ஒரு புள்ளி, ஒரு ஓட்டை இருந்ததால் பயந்து கொண்டுவந்து விடுகிறார்கள். உண்மையிலேயே சாப்பிடக் கூடாத கிழங்கை யாரும் கொண்டுவருவதில்லை. அது குழம்பில் போய்விடுகிறது. இது எனக்குப் பெரிய மனக்குறை. அதனால்தான் கடையில் கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உருளைக்கிழங்கில் நகம் பதிந்த மாதிரி பிறை பிறையாகக் கீறல் இருக்கிறதே, யாராவது கிள்ளிப் பார்த்தார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். ஒரு கிலோ உருளையில் ஏழெட்டுக் கிழங்கில் அந்தத் தடம் இருந்தது. செய்தித்தாளில் தனியாகச் சுற்றி எடுத்துவந்து, "இத்தனை பேர் நகத்தை வைத்ததை எப்படிம்மா பிள்ளைகளுக்குச் செய்து கொடுப்பது?" என்றார். கேட்டது நியாயம்தான். ஆனால் அது நகம் இல்லை.

புதிதாகத் தோண்டிய உருளையின் தோலுக்கு அடியில் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். மூட்டையைத் தூக்கிப் போடும்போதோ லாரியில் உருளும்போதோ ஒன்றோடு ஒன்று மோதினால் தோலில் மெல்லிய வெடிப்பு விழும். அப்போது கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் காற்றுப் பட்டுக் காய்ந்ததும் அந்த வெடிப்பு வாய் திறக்கும். உருண்டையான பொருளில் விழுவதால் பிறை வடிவம் வந்துவிடுகிறது. ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாது.

நிஜமாகவே யாராவது கிள்ளியிருந்தால் எப்படித் தெரியும்? நகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியிருக்கும், தோல் ஓரத்தில் மடங்கியிருக்கும், ஒரு கிழங்கில் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். வெடிப்பாக இருந்தால் ஒரே கிழங்கில் நாலைந்து இருக்கும், ஓரம் காய்ந்து நேராக நிற்கும். எதுவானாலும் தோல் சீவினால் போய்விடும். கீறலுக்குள் ஈரமோ நாற்றமோ இருந்தால் மட்டும் அந்தக் கிழங்கை எடுத்துப் போடுங்கள்; வெடிப்பு வழியாக அழுகல் உள்ளே இறங்கியிருக்கிறது.

எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாத கறுப்பு மண் ஒட்டியிருக்கிறதே?

அது மண் இல்லை. ரைசோக்டோனியா என்ற பூஞ்சாணம் தூங்கும் நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலர்ந்திருக்கும்போது மண் மாதிரியே தெரியும். தண்ணீரில் நனைத்தால் வித்தியாசம் புரிந்துவிடும்: மண் கரையும், இது இன்னும் கறுப்பாகப் பளபளக்கும். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வரும், அடியில் தோல் நன்றாகவே இருக்கும். சாப்பிடுகிறவருக்கு இதனால் ஒன்றுமில்லை, தோலைச் சீவினால் போதும். ஆனால் இந்த உருளையை முளைக்க வைத்து மாடித் தோட்டத்தில் நட வேண்டாம். பூஞ்சாணம் தளிரைப் பிடித்துக்கொள்ளும்.

சொறி பிடித்த மாதிரி தடிப்புத் தடிப்பாக இருக்கும் உருளை?

விவசாயிகளும் அதைச் சொறி என்றுதான் சொல்வார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் நுண்ணுயிரி செய்கிற வேலை. இதே குடும்பத்தின் இன்னொரு வகையிலிருந்துதான் 1943இல் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைக் கண்டுபிடித்தார்கள். முதல் மழை விழுந்ததும் வருகிற மண்வாசனைக்கும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான் காரணம். அதனால் பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம்.

உருளை பிஞ்சு பிடிக்கிற சமயத்தில் மண் காய்ந்துபோனால் சொறி கூடும். சுண்ணாம்புத் தன்மை அதிகமுள்ள மண்ணிலும் கூடும். அண்ணன் நிலத்தில் ஒரு வருடம் சரியாக அந்த வாரங்களில் போர்த் தண்ணீர் கீழே போய்விட்டது. அந்த வருட உருளை முழுக்கச் சொறி. மண்டியில் பாதி விலைக்குத்தான் எடுத்தார்கள். நாங்கள் அதையே மூன்று மாதம் வீட்டில் சாப்பிட்டோம். சுவையில் எந்தக் குறையும் இல்லை, தோலைக் கொஞ்சம் ஆழமாகச் சீவ வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பச்சையாக இருக்கும் உருளை, இன்னும் பழுக்கவில்லையா?

இந்த ஒரு பதிலை மட்டுமாவது எல்லோரும் படிக்க வேண்டும்.

உருளைக்குக் காய், பழம் என்ற கணக்கே கிடையாது. அது வேரும் இல்லை, மண்ணுக்குள் வளர்ந்த தண்டு. அதனால்தான் அதற்குக் கண் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணும் தண்டில் இருக்கும் ஒரு கணு. தண்டு என்பதால் வெளிச்சம் பட்டால் இலை மாதிரியே பச்சையம் உண்டாக்க ஆரம்பிக்கும். வெயில்தான் வேண்டும் என்பதில்லை. கடை டியூப்லைட் இரவு பகலாக எரிந்தாலும் சில நாளில் பச்சை ஏறிவிடும்.

பச்சை நிறம் மட்டும் என்றால் கெடுதல் இல்லை, கீரையில் இருப்பதும் அதே பச்சையம்தான். ஆனால் எந்த வெளிச்சம் பச்சையத்தை உண்டாக்குகிறதோ, அதே வெளிச்சம் சோலனின், சாக்கோனின் என்ற கசப்பு நஞ்சுகளையும் தோலுக்கு அடியில் ஏற்றுகிறது. நிறத்தைப் பார்த்துத்தான் நஞ்சு இருக்கிறதா என்று நாம் ஊகிக்க முடியும். இதன் அளவு கூடினால் வாந்தி, வயிற்றுவலி, பேதி, தலைவலி வரும். வேக வைத்தாலும் எண்ணெயில் பொரித்தாலும் இது போகாது. "நன்றாகக் கொதிக்க வைத்தேன்" என்று ஒரு அம்மா சொன்னபோது எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

என்ன செய்யலாம்? ஓரத்தில் லேசாகப் பச்சை இருந்தால் அந்த இடத்தைத் தடிமனாகச் சீவி எறிந்துவிட்டு மீதியை உபயோகிக்கலாம். பாதிக்கு மேல் பச்சையாகவோ, வெட்டினால் உள்ளேயும் பச்சையாகவோ இருந்தால் முழுசாகக் குப்பையில் போடுங்கள். முளை விட்டிருந்தால் முளையையும் கண்ணையும் குழியாகத் தோண்டி எடுக்க வேண்டும், அங்கேதான் நஞ்சு அதிகம். சமைத்த பிறகு கசந்தாலோ தொண்டையில் எரிந்தாலோ துப்பிவிடுங்கள். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் செய்கிற சமையலில் பச்சை உருளையைச் சேர்க்கவே வேண்டாம், சீவி எடுத்தாலும் வேண்டாம்.

எங்கள் கடையில் சாயங்காலம் ஆனதும் உருளைக் கூடை மேல் கோணிப்பை போட்டு மூடுகிறோம். முதல் சில வருடம் அப்படிச் செய்யவில்லை. அப்போது பச்சை ஏறிய உருளையைத் தெரியாமல் விற்றிருப்போம். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. நீங்களும் வீட்டில் கண்ணாடி அலமாரியிலோ ஜன்னலோரக் கூடையிலோ உருளையை வைக்காதீர்கள்.

உருளையில் ஊசி குத்திய மாதிரி இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வரும் ஓட்டை இருக்கிறது. ஏதாவது மருந்து ஏற்றுகிறார்களா?

ஊசி போட்டுப் பெரிதாக்குகிறார்கள் என்று யாரோ அனுப்பிய வீடியோவைக் காட்டிக் கேட்டார்கள். அந்த ஓட்டையைப் போட்டது கோரை.

கோரைப்புல்லின் கிழங்கிலிருந்து மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி ஊசி மாதிரி கூராக இருக்கும். போகிற வழியில் உருளை இருந்தால் சுற்றிக்கொண்டு போகாது, நேராகத் துளைத்துக்கொண்டே போய்விடும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவோடு உருளை பொறுக்கப் போவேன். இரண்டு மூன்று கிழங்கைக் கோரை ஒன்றாகக் கோத்திருக்கும், மாலை மாதிரி கையில் தூக்கிக் காட்டுவோம். இன்றைக்கும் அண்ணன் காட்டில் வருடத்துக்குச் சிலது அப்படி வருகிறது. கோரையை முழுசாக ஒழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நிலத்தில் குனிந்தவர்களுக்குத் தெரியும். கடைக்கு வரும்போது கோரை காய்ந்து உதிர்ந்து, ஓட்டை மட்டும் மிஞ்சியிருக்கும். உள்சுவர் காய்ந்து சுத்தமாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம்.

எல்லா ஓட்டையும் கோரை போட்டது இல்லை. பேனா ரீஃபில் அளவில் உள்ளே நுழைந்து வளைந்து, பாதியில் நின்றுவிட்டால் கம்பிப்புழு. மேலோட்டமாக அகலமான குழி, கரண்டியால் சுரண்டியது மாதிரி இருந்தால் வேர்ப்புழு. அது மண்ணிலேயே தின்றுவிட்டுப் போயிருக்கும், உள்ளே இருக்காது. கண் பக்கத்தில் சின்ன ஓட்டை, வாயில் கறுப்பாகப் புழுக்கை துருத்திக்கொண்டிருந்தால் கிழங்கு அந்துப்பூச்சியின் புழு. இது மட்டும் தொல்லை. மூட்டையில் இருக்கும்போதே மற்றக் கிழங்குகளுக்கும் பரவும். அப்படி ஒன்றைப் பார்த்தால் மீதி எல்லாவற்றையும் கொட்டிப் பார்த்துவிடுங்கள்.

வெளியே நன்றாக இருக்கிறது, வெட்டினால் நடுவில் பொந்து. அல்லது நடுவில் கறுப்பு.

இரண்டும் வேறு வேறு. பொந்து விழுந்து அதன் ஓரம் பழுப்பாகக் காய்ந்திருந்தால் கிழங்கு அவசரமாக வளர்ந்தது என்று அர்த்தம். பல நாள் மண் காய்ந்து கிடந்த பிறகு ஒரேயடியாக மழை பெய்தால் வெளிப்புறம் வேகமாகப் பருத்துவிடும், நடுப்பகுதியால் ஈடுகொடுக்க முடியாமல் பிளந்துவிடும். பெரிய கிழங்கில்தான் அதிகம். பொந்தைச் சுரண்டிவிட்டுச் சாப்பிடலாம்.

நடுவில் மையிட்டது மாதிரி கறுத்திருந்தால் அது மூச்சு முட்டியது. கிழங்கும் தோண்டிய பிறகு மூச்சு விடுகிறது. வெயில் காலத்தில் தார்ப்பாய் இறுக்கிக் கட்டிய லாரியில் குவிந்து கிடந்தால் உள்நடுவுக்கு ஆக்சிஜன் எட்டாது, அந்தத் திசு செத்துக் கறுத்துவிடும். நாற்றமில்லாமல் கெட்டியாக இருந்தால் நஞ்சு ஒன்றும் இல்லை. ஆனால் நடுப்பகுதி பெரிதாகப் போய்விட்டால் சமைக்க மிச்சமிருக்காது. அப்படி வந்தால் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன். எங்கள் பக்கத்துத் தவறுக்கு நீங்கள் காசு கொடுக்கக் கூடாது.

வேக வைத்த பிறகு உருளை சாம்பல் நிறமாவது இன்னொரு கதை. கிழங்கில் இருக்கும் இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்ந்து காற்றுப் பட்டதும் அந்த நிறம் வருகிறது. வேகும் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் குறையும்.

கேரட்டில் குறுக்கே வெட்டு வெட்டாகக் கோடு இருக்கிறதே, கத்தி பட்டதா?

அவை பக்கவேர் கிளம்பிய இடங்கள். ஒரு கேரட்டை எடுத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். கோடுகள் கண்டபடி இருக்காது, மேலிருந்து கீழே நான்கு வரிசையில் ஓடும். கேரட்டின் நடுநரம்பு அப்படி அமைந்திருப்பதால் பக்கவேர்கள் அந்த நான்கு வரிசையில்தான் வெளியே வர முடியும். முள்ளங்கியிலும் பீட்ரூட்டிலும் இரண்டே வரிசை, எதிரெதிர்ப் பக்கத்தில். பீட்ரூட்டில் அந்த இரண்டு பக்கமும் லேசாகப் பள்ளம்கூட விழுந்திருக்கும். எனக்கு இது இன்றைக்கும் அலுக்காத விஷயம். காலையில் மூட்டை அவிழ்க்கும்போது ஒரு கேரட்டையாவது சுற்றிப் பார்க்காமல் இருக்க மாட்டேன்.

கோடு ஆழமாக, நீளவாக்கில் வாய் பிளந்திருந்தால் அது தண்ணீர்க் குளறுபடி. காய விட்டுப் பிறகு நிறையப் பாய்ச்சினால் கேரட் வெடிக்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் கூடையில் பாதி வெடித்த கேரட்டாகத்தான் வரும். மண் மட்டும் நன்றாகக் கழுவ வேண்டும், வேறொன்றுமில்லை.

கேரட் தலை பச்சையாக இருக்கிறது. உருளை மாதிரி இதுவும் நஞ்சா?

இல்லை. மண் அரித்துத் தோள்பட்டை வெளியே தெரிந்து வெயில் பட்டிருக்கிறது. கேரட்டில் சோலனின் கிடையாது. பச்சைப் பகுதி கொஞ்சம் கசக்கும், நறுக்கிவிட்டால் போதும்.

கால் இரண்டாகப் பிரிந்த கேரட், முடிச்சு முடிச்சான கேரட்?

நம் பக்கத்துச் செம்மண்ணில் கல் அதிகம். வேர் இறங்கும்போது கல்லில் முட்டினால் இரண்டாகப் பிரியும். முடிச்சும் மயிர் மாதிரி வேரும் சேர்ந்து இருந்தால் நூற்புழு. இரண்டையும் சாப்பிடலாம், சீவுவதுதான் சிரமம்.

ஃப்ரிட்ஜில் வைத்த கேரட் வெள்ளை பூத்துவிட்டது; சில சமயம் கறுத்தும் போகிறது. ஏன்?

வெள்ளையாக இருப்பது பெரும்பாலும் மேல்தோல் உலர்ந்ததால்தான். ஒரு துளி தண்ணீர் தடவிப் பாருங்கள், மறைந்துவிட்டால் உலர்வு. பஞ்சு மாதிரி எழும்பி நின்றால் பூஞ்சாணம்.

கறுப்புக்கு நாம் கேட்கிற அழகும் ஒரு காரணம். மண்ணோடு வரும் கேரட்டை யாரும் கையில் எடுப்பதில்லை, பளபளவென்று இருக்க வேண்டும். அதற்காகச் சுழலும் இயந்திரத்தில் போட்டுக் கழுவுகிறார்கள். உள்ளே உரசி உரசி மேல்தோல் போய்விடுகிறது. தோல் போன கேரட்டை ஈரத்தோடு பாலிதீன் பையில் கட்டி வைத்தால் மூன்று நான்கு நாளில் கறுப்புப் பூசணம் வந்துவிடும். கறுப்பு மேலோடு நின்றிருந்தால் சீவலாம். உள்ளே இறங்கி மெத்தென்று ஆகியிருந்தால் வேண்டாம். கொஞ்சம் மண்ணோடு இருக்கும் கேரட் கிடைத்தால் விடாதீர்கள், நாலு நாள் கூட நிற்கும். உழவர் சந்தையில் காலையில் போனால் அப்படிக் கிடைக்கும்.

இன்னொன்று. மாம்பழக் காலத்தில் "கேரட் கசக்கிறது" என்று நிறையப் பேர் சொல்வார்கள். கிருஷ்ணகிரி மாம்பழம் வீட்டில் கூடை கூடையாகப் பழுத்துக்கொண்டிருக்கும், பக்கத்திலேயே கேரட்டும் இருக்கும். பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடுகிறது, அது பட்டால் கேரட்டுக்குள் கசப்புப் பொருள் உண்டாகும். மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் கேரட்டை விட்டுத் தள்ளி வையுங்கள்.

பீட்ரூட்டுக்குள் வெள்ளை வளையம் இருக்கிறதே, சாயம் பத்தவில்லையா?

பீட்ரூட்டில் யாரும் சாயம் ஏற்றுவதில்லை. அது வளையம் வளையமாகத்தான் பருக்கிறது. நீர் போகும் குழாய்த் திசு ஒரு வளையம், சேமிப்புத் திசு ஒரு வளையம் என்று மாறி மாறி இருக்கும். நிறம் எல்லாவற்றிலும் ஒரே அளவு ஏறாது. வெயில் காலத்தில் விளைந்ததில் வெளுத்த வளையம் நன்றாகத் தெரியும், குளிர் மாதங்களில் தளியிலிருந்து வருவது ஒரே கருஞ்சிவப்பாக இருக்கும்.

உள்ளே கறுப்பாக, கார்க் மாதிரி கெட்டியான திட்டு இருந்தால் மண்ணில் போரான் சத்துக் குறைவு. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள், கசக்கும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதற வேண்டாம், சிலருக்கு அந்த நிறம் அப்படியே வெளியேறும். பீட்ரூட்டே சாப்பிடாமல் சிவந்தால்தான் டாக்டரிடம் போக வேண்டும்.

குச்சிக்கிழங்கை வெட்டினால் உள்ளே நீல நீலமாகக் கோடு. நேற்றுத்தானே வாங்கினோம்?

மரவள்ளி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், எங்கள் ஊரில் குச்சிக்கிழங்கு. குச்சியை நட்டு விளைவிப்பதால் அந்தப் பெயர். இதைப்போல வேகமாகக் கெடுகிற கிழங்கு வேறு இல்லை. பிடுங்கும்போது காயம் படுகிறது, காயத்தின் வழியே காற்று நுழைகிறது, உடனே உள்ளே ஒரு வேதிவினை தொடங்கி நீர்க்குழாய்கள் வழியாக நீலமும் கறுப்புமாக ஓடிவிடும். இரண்டு மூன்று நாள் போதும். புழுவோ பூஞ்சாணமோ இல்லாமலேயே இது நடக்கும்.

நூல் மாதிரி ஒன்றிரண்டு கோடு என்றால் அந்தப் பக்கத்தைச் சீவிவிட்டு வேக வைக்கலாம். வட்டம் முழுக்க நீலம் பரவியிருந்தால் அது வேகவும் வேகாது, ருசியும் இருக்காது. வாங்கும்போது கடைக்காரரை ஒரு நுனியை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். பால் வெள்ளையாக, ஈரமாக இருக்க வேண்டும். இப்படிக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். எங்கள் கடையில் கேட்காமலே உடைத்துக் காட்டுவோம். வாங்கினால் அன்றைக்கே வேக வையுங்கள். முடியாவிட்டால் தோல் உரித்துத் துண்டு போட்டுத் தண்ணீரில் மூழ்க வைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். காற்றுப் படாவிட்டால் நீலம் வராது.

நீலக் கோட்டுக்கும் கசப்புக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் கசப்புத்தான் ஆபத்து. குச்சிக்கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது, அதிலிருந்து சயனைடு வரும். வீட்டுச் சமையலுக்கு விளைகிற ரகங்களில் குறைவு, ஜவ்வரிசி ஆலைக்கு விளைகிற ரகங்களில் கூடுதலாக இருக்கலாம். அதனால் வெளித்தோலோடு அதற்கு அடியிலிருக்கும் தடித்த தோலையும் உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாகக் கடித்துப் பார்க்கவே வேண்டாம். வெந்த பிறகும் கசந்தால் ஒரு வாய்கூட எடுக்காதீர்கள். பிள்ளைகள் பச்சைக் கிழங்கை மெல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரைவள்ளியில் சின்னச் சின்ன ஓட்டை. வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடலாமா?

மற்றப் பலவற்றுக்கும் "சீவிவிட்டுச் சாப்பிடுங்கள்" என்றேன். இதற்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

ஓசூர் பக்கம் கன்னடம் பேசுகிற வாடிக்கையாளர்கள் இதைக் கெணசு என்பார்கள். பொங்கல் சமயத்தில் மூட்டை மூட்டையாக விற்கும், அப்போதுதான் இந்தக் கேள்வியும் வரும். இதைத் துளைப்பது கூன்வண்டு. எறும்பு மாதிரி ஒல்லியாக இருக்கும். அதன் புழு உள்ளே சுரங்கம் போடும்போது கிழங்கு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக் கசப்பான பொருள்களை உண்டாக்குகிறது. அந்தக் கசப்பு சுரங்கத்தோடு நிற்காது, சுற்றியுள்ள சதைக்கும் பரவும். ஒரு துண்டு போட்டாலும் பாத்திரம் முழுக்கக் கசந்துவிடும். வேக வைத்தாலும் போகாது.

மாட்டுக்குப் போடலாமே என்பார்கள். தயவுசெய்து போடாதீர்கள். பூசணம் பிடித்த, பூச்சி அரித்த சர்க்கரைவள்ளி மாட்டின் நுரையீரலைப் பாதிக்கும், மூச்சுத் திணறிச் சாகவும் நேரும். வண்டு அரித்ததைக் குழி தோண்டிப் புதைத்துவிடுவதுதான் சரி.

வெட்டிய இடத்தில் பால் வடிந்து கறுப்பதைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். அது அதன் இயல்பான பால்தான், ஒன்றும் செய்யாது.

சர்க்கரைவள்ளி இவ்வளவு சிவப்பாக இருக்கிறதே, சாயம் பூசியிருப்பார்களோ?

சிவப்பு ரகம் இயல்பிலேயே உண்டு. ஆனால் சந்தேகப்படுவதில் தப்பில்லை. ரோடமைன் பி என்ற துணிச்சாயத்தைப் பூசுகிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்ததும் இதே சாயத்தால்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையமே வீட்டில் செய்து பார்க்கும் சோதனையைச் சொல்லியிருக்கிறது. பஞ்சைத் தண்ணீரிலோ சமையல் எண்ணெயிலோ நனைத்துக் கிழங்கின் மேல் தேயுங்கள். பஞ்சில் சிவப்பு ஒட்டினால் சாயம். மண் ஒட்டினாலும் பஞ்சு அழுக்காகும், அதனால் முதலில் மண்ணைத் தட்டிவிட்டுச் செய்யுங்கள்.

உருளையிலும் செம்மண் தடவி ஊட்டி உருளை என்று விற்பவர்கள் உண்டு. ஒரு கிண்ணத் தண்ணீரில் போட்டு அலசினால் தடவிய மண் மொத்தமாகக் கழன்று கிண்ணத்தின் அடியில் படியும், வழுவழுவென்று வெளிர்த்தோல் வெளியே வரும்.

உருளை மேல் வலை வலையாகத் தடம்?

நைலான் வலைப்பை அழுத்திய தடம். தட்டையாகப் பள்ளம் விழுந்திருந்தால் மூட்டையின் அடியில் கிடந்தது. இரண்டும் ஒன்றும் செய்யாது.

இஞ்சிக்குள் நீல வளையம், சேனையில் இளஞ்சிவப்புக் குழி?

சில இஞ்சி ரகங்களுக்கு உள்ளே நீலச்சாம்பல் வளையம் இயல்பு. வெட்டிய முகத்தில் தூளாகப் பச்சைநீலம் படிந்தால் அது பூசணம். சேனையின் நடுக்குழியும் இளஞ்சிவப்பு மொட்டும் முளை வருகிற இடம். அதைத் தோண்டி எடுத்துவிட்டு, அரிப்புப் போகப் புளித்தண்ணீரில் வேக வைத்தால் ஆயிற்று.

அடையாளம் உள்ள கிழங்கை விலை குறைத்துத் தருவீர்களா அக்கா?

தருகிறோம். மண்டியில் இவற்றைக் கழிவு என்று ஒதுக்கும்போது விவசாயிக்கு வண்டி வாடகைகூட மிஞ்சாது, அதை அண்ணன் முகத்தில் பார்த்திருக்கிறேன். அதனால் சொறி உருளை, வெடித்த கேரட், கால் பிரிந்த முள்ளங்கி எல்லாவற்றையும் வாங்கி வந்து தனிக் கூடையில் வைக்கிறேன். பச்சை உருளையும் வண்டு அரித்த சர்க்கரைவள்ளியும் அந்தக் கூடைக்குள் வராது. மெஸ் வைத்திருக்கும் இரண்டு பேர் காலையிலேயே அதில் பாதியை அள்ளிவிடுவார்கள், சாம்பாரில் நறுக்கிப் போட்டால் கோடு யாருக்குத் தெரியப் போகிறது என்பார்கள்.

நகத்தடம் கேட்டு வந்த டீச்சரும் இப்போது அந்தக் கூடையில்தான் கை வைக்கிறார். கோரை இன்னும் உள்ளே செருகியபடி இருக்கும் உருளை வந்தால் வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். போன மாதம் அண்ணன் காட்டிலிருந்து இரண்டு வந்தது, கொடுத்து அனுப்பினேன்.